ஸ்ட்ரெங்த் கார்டை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறி பார்க்கும் டாரோட் சீட்டுகளைப் பழக வருகிறவர்களுக்கு, முதன்மைத் தொகுதியான மேஜர் ஆர்கானாவின் 22 கார்டுகளில் சீக்கிரம் பிடித்துப்போவது ஸ்ட்ரெங்த், அதாவது வலிமை. வெள்ளை அங்கி போட்ட பெண், சிங்கம், பூச்சரம், தலைக்கு மேல் படுத்துக் கிடக்கும் எட்டு. பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். அதனாலேயே இதில் அதிகம் சறுக்குகிறார்கள். நான் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடங்களில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் வருகிறவர்களும் வரிசையாகச் சறுக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். படத்தைப் பார்க்காமல் கைப்புத்தகத்தை ஒப்பிப்பது, கார்டின் பெயரை வைத்து உடல்பலம் என்று சொல்வது இதெல்லாம் இங்கே இல்லை. அவை பழகப் பழகத் தானாகப் போய்விடும்.

துர்க்கையைக் கூப்பிடுவது

நம் வீட்டுப் பிள்ளைகள் சிங்கத்தோடு ஒரு பெண்ணைப் பார்த்தால் "துர்க்கை அம்மன்!" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் வாசிப்பு முழுக்கப் போர்க்களம்தான். எதிரி ஒழிவான், வழக்கு ஜெயிக்கும். துர்க்கை சிங்கத்தின் மேல் இருப்பாள், கை நிறைய ஆயுதம் இருக்கும். இந்தப் பெண் தரையில் நிற்கிறாள், கையில் ஒன்றுமில்லை. குனிந்து சிங்கத்தின் வாயை மூடுகிறாள். அதுவும் நாக்கை நீட்டிக்கொண்டு, வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நிற்கிறது.

கிறிஸ்தவ ஐரோப்பா போற்றிய நான்கு முதன்மைப் பண்புகளில் மனத்திண்மை ஒன்று. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சீட்டுகளில் அதைத்தான் வரைந்தார்கள். மிலான் பிரபு குடும்பத்துக்கான விஸ்கோன்டி-ஸ்போர்ட்சா சீட்டில் பெண்ணே இல்லை. ஓர் ஆள் தடியை ஓங்கிச் சிங்கத்தை அடிக்கிறான். நாம் அதிகம் பயன்படுத்தும் படம் 1909இல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. தடி போய்ப் பூச்சரம் வந்திருப்பதுதான் இதில் விஷயமே. துர்க்கையைக் கூப்பிட்டால் அந்தத் தடி திரும்பி வந்துவிடும்.

எட்டு என்றால் சனி

எண் கணிதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் செய்வது இது. கார்டில் 8ஐப் பார்த்ததும் முகம் வாடி, "தடை, தாமதம்" என்பார்கள். பழைய பிரெஞ்சு மார்செய் சீட்டுக்கட்டில் இந்தக் கார்டின் எண் 11, நீதிக்குத்தான் 8. கோல்டன் டான் என்ற ரகசியச் சங்கத்தார் ராசி வரிசைக்குப் பொருந்த வேண்டும் என்று இரண்டையும் இடம் மாற்றினார்கள். துலாமுக்கு முன்னால் சிம்மம் வருவதால் சிங்கம் முன்னால் போனது. வெயிட்டும் அதே வரிசையைப் பிடித்துக்கொண்டார். ஆக, இது சிம்மக் கார்டு, சூரியன் வீடு. நம் ஜோதிடத்தில் சூரியனுக்கும் சனிக்கும் பகை. இரண்டையும் கலந்தே தீருவேன் என்றால் அதையாவது பார்த்துக் கலக்குங்கள்.

சிங்கத்தை அடுத்தவர் தலையில் கட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்குவதில்லை.

சின்னக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் அக்கா ஒருவர், வகுப்புப் பிள்ளைகள் பழகட்டும் என்று கார்டு பார்க்க உட்கார்ந்தார். சம்பளம் மாதாமாதம் தள்ளிப் போகிறது, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்டுகிறார்களா என்றே தெரியவில்லை. முதலாளியிடம் கேட்கலாமா, வேறு வேலை தேடலாமா என்பது கேள்வி. நடுவில் ஸ்ட்ரெங்த் விழுந்தது. வாசித்த பையனுக்கு ஒரே குஷி. "அந்தச் சிங்கம் உங்க பாஸ்தான் அக்கா. அன்பாலேயே அவரை அடக்கிடுவீங்க. கொஞ்சம் பொறுமையா இருங்க." நான் அந்த நேரம் பார்த்துக் கீழே மாமாக் கடையில் இருந்தேன். மேலே வருவதற்குள் அக்கா சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார்.

சொன்னபடியே பொறுமையாகத்தான் இருந்தார். ஒரு நாள் வேலைக்குப் போனால் கம்பெனிக் கதவில் பூட்டு. நிலுவைச் சம்பளத்துக்காகத் தொழிலாளர் இலாகாவுக்கு நடையாய் நடந்தார். மலேசியச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். இபிஎஃப் சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டினாரா என்று இபிஎஃப்பின் இணையக் கணக்கான ஐ-அக்காவுனில் நாமே பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பையனும் சம்பளம் வாங்குகிறவன்தான், இதெல்லாம் தெரியாதவன் இல்லை. சிங்கத்தைக் கண்டதும் மறந்துவிட்டான்.

சிங்கம் என்பது உணர்ச்சி வேகங்கள் என்று வெயிட் தன் விளக்கத்திலேயே எழுதிவிட்டார். அப்படியென்றால் அது கேள்வி கேட்டவருக்குள்ளே இருப்பது. அவருடைய கோபமாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், ஆசையாகவும் இருக்கலாம். கணவர், மாமியார், முதலாளி என்று வெளியே ஆள் தேடக் கூடாது. அந்த அக்கா பின்னால் ஒரு நாள் வந்தபோது அவர் வாயாலேயே வந்தது: முதலாளி கணவர் வழியில் தூரத்துச் சொந்தமாம். கேட்டால் உறவு கெடும், வீட்டில் பேச்சு வரும் என்று பயம். அதுதான் அவருடைய சிங்கம். "இதைக் கேட்க உங்களுக்கு என்ன பயம்?" என்று அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் வாசிப்பு வேறு பக்கம் போயிருக்கும். படத்தில் இருப்பவள் சிங்கத்தின் வாயிலேயே கை வைத்திருக்கிறாள். அது தானாகச் சாதுவாகட்டும் என்று தள்ளி நின்று காத்திருக்கவில்லை.

பெண்களிடம் "பொறுத்துப் போ" என்று சொல்வது நம்மவர்களுக்குச் சுலபமாக வருகிறது. கார்டு அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். கேட்பவருக்கும் இதமாக இருக்கும், மறுபடியும் வருவார். ஆனால் அடிக்கிற கணவனைப் பற்றிக் கேள்வி வந்து, இந்தக் கார்டும் விழுந்தால், "அன்பால் மாற்றிவிடுவீர்கள்" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். சீட்டுக்கட்டை மூடி வையுங்கள். அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசிஹ் எண் 15999ஐக் கொடுங்கள், போலீஸ் நிலையத்துக்குத் துணைக்கு யார் வருவார்கள் என்று கேளுங்கள்.

தலைகீழாக வந்தால் பலவீனம் என்பது

பக்கத்துக் கார்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

உடம்பு சரியாகுமா என்ற கேள்வி

டாக்டரிடம் அனுப்புங்கள்.

படுத்த எட்டை நிரந்தர வெற்றி என்பது

அதே முடிவிலிக் குறி மந்திரவாதி கார்டிலும் இருக்கிறது. அவன் முன்னால் மேசை, மேசை மேல் வாள், கிண்ணம், கோல், காசு எல்லாம் உண்டு. இவளுக்குக் கருவி எதுவும் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குறிக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

எல்லாக் கட்டுக்கும் ஒரே பாடம்

ஆங்கிலேய மறைஞானி அலிஸ்டர் குரோலிக்காக ஓவியர் பிரீடா ஹாரிஸ் வரைந்த தோத் கட்டில் கார்டின் பெயரே லஸ்ட், எண் 11. அங்கே பெண் பல தலைச் சிங்கத்தின் மேல் ஏறி, கிண்ணத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். அடக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கட்டோடு வருகிறவர்களை முதலில் வெயிட் கட்டில் கொஞ்ச நாள் பழகிவிட்டு வரச் சொல்கிறேன்.