மட்டக்களப்புக் கோட்டை: பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலி நகரின் பெரிய கடலோரக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு மட்டக்களப்புக்கு வருவோர், வாயிலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகின்றனர். இந்தக் கோட்டை சிறியது. கடலைப் பார்த்தும் நிற்கவில்லை. புளியந்தீவில், இருபுறம் வாவியும் மற்றப் பக்கங்களில் அகழியுமாக, நீரையே அரணாக நம்பிக் கட்டப்பட்டது. ஆகவே நிலப்பக்கமாக வந்து அப்படியே போய்விடுவதுதான் பெரிய தவறு. தோணியிலிருந்தோ எதிர்க்கரையிலிருந்தோ பார்த்தால், மூலைக் கொத்தளங்கள் நான்கும் ஏன் மதிலைத் தாண்டி வெளியே நீண்டிருக்கின்றன என்பது விளங்கும்: மதிலடியை நெருங்கும் எதிரியைப் பக்கவாட்டிலிருந்து சுடுவதற்காகவே அவை அவ்வாறு அமைக்கப்பட்டன.

வாயிலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையைக் கண்டதும், அவர்களே இதை முதலில் கட்டினார்கள் என எண்ணிவிடக் கூடாது. கண்டி இராச்சியத்தின் கிழக்குக் கடல்வழியை அடைப்பதற்காகப் போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பிய கோட்டை இது. 1638 மே 18ஆம் திகதி ஒல்லாந்தர் இதைக் கைப்பற்றினர். ஐந்தாம் நாளே, போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து வெளியேற்றுவது குறித்துக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் மட்டக்களப்பில் உடன்படிக்கை செய்துகொண்டனர். இதை அறியாமல் நுழைபவருக்கு உள்ளே இருப்பவை வெறும் பழைய சுவர்களே.

நீண்ட காலம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) இயங்கிய இடமாதலால், உள்ளே செல்லும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. விடுமுறை நாளில் வந்து வாயிலோடு திரும்புவது வீண் அலைச்சல். பீரங்கிமேல் பிள்ளைகளை ஏற்றிப் படமெடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். மாரி காலத்தில் மதிலோரக் கற்கள் பாசி பிடித்து வழுக்கும்.

உச்சி வெயிலில் கோட்டையைச் சுற்றிக் களைத்த பின் பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கு ஓட்டோ பிடிப்பதும் பிழையான ஒழுங்கு. காலையில் கோட்டை, மாலையில் வெளிச்சவீடு என்பதே உகந்தது. அருகிலுள்ள முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்குமாதலால், அங்கே குளிக்க இறங்கவே வேண்டாம்.

வாவியில் மீன்கள் பாடுவதாகச் சொல்லப்படும் ஒலியை, அதாவது பாடுமீனைக் கேட்கப் பகலில் கல்லடிப் பாலத்தில் காத்து நிற்போரும் உண்டு. அதற்குரிய பொழுது, மழையில்லாத மாதங்களின் பூரணை இரவு. பாலத்து வாகன இரைச்சலிலிருந்து விலகித் தோணியில் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டும்.