ஒரே வழியில் தாக்கப் பழகுதல்: டர்பன் கல்லூரிக் கால்பந்து அணிகளுக்கு ஒரு வழிகாட்டி

“இந்த வாரம் எப்படி ஆடப்போகிறோம், அண்ணா?” என்று உங்கள் நடுக்கள வீரர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிறார் என்றால், அந்த அணிக்குத் தாக்குதல் முறை இன்னும் அமையவில்லை என்று பொருள். ஒரு வாரம் நீண்ட உதையும் மறு வாரம் குறும் பாஸுமாக ஆடும் அணி சில ஆட்டங்களில் மூன்று கோல் கூடப் போடும். அடுத்த ஆட்டத்தில் எதிரணியின் பெட்டிக்குள் (கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்குள்) நுழையவே வழி தெரியாமல் நிற்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியிலும் அதைச் சுற்றியும் உள்ள மைதானங்களில் பல ஆண்டுகளாக மாணவர் அணிகளைப் பயிற்றுவித்து, அவற்றில் சில ஆண்டுகளை இதே குழப்பத்தில் வீணாக்கியவன் என்ற முறையில், அந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வரும் வழியை இங்கே எழுதுகிறேன்.

தாக்குதல் முறை என்று நான் சொல்வது 4-3-3 அல்லது 3-5-2 என்று தற்காப்பிலும் நடுக்களத்திலும் முன்களத்திலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் எனச் சொல்லும் எண்களை அன்று. பந்து நம் பின்களத்தில் இருக்கும்போது எந்தப் பக்கம் போகிறோம், எதிரணியின் பெட்டிக்குள் எவ்வழியே நுழைகிறோம், பந்தைப் பறித்த முதல் சில நொடிகளில் என்ன செய்கிறோம் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் களத்தில் உள்ள பதினொரு பேரும் ஒரே விடையைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இதற்குப் பலரும் அறிந்த உதாரணம் மாமெலோடி சண்டவுன்ஸ். ஸ்டான்லி ‘ஸ்கிரீமர்’ ட்ஷபலாலா பயிற்சியளித்த காலத்தில், 1988 இல் முதன்முறையாக லீக் பட்டம் வென்ற அந்த அணியின் குறும் பாஸ் ஆட்டத்துக்கு ‘ஷூ ஷைன் அண்ட் பியானோ’ என்று பெயர் வந்தது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஆட்டம் கண் முன் வருகிறது என்றால் அதற்குக் காரணம், பயிற்சியாளர்களும் வீரர்களும் மாறிய பிறகும் ரசிகர்கள் அதே ஆட்டத்தை எதிர்பார்த்ததுதான்.

தொழில்முறை அணிக்கு இல்லாத ஒரு தொல்லை கல்லூரி அணிக்கு உண்டு. பிப்ரவரியில் சேரும் மாணவர் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார். ஜூனிலும் ஆண்டு இறுதியிலும் தேர்வு வந்து பயிற்சியை வெட்டுகிறது. வாரத்தில் இரண்டு மாலைகளுக்கு மேல் எல்லோரையும் ஒன்றுசேர்ப்பது கடினம். ஆகவே ஒருவருடைய தனித்திறமையை மட்டும் நம்பிக் கட்டிய முறை அவரோடு சேர்ந்து பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடும். புதிதாகச் சேர்ந்தவர் இரண்டே வாரங்களில் மனத்தில் பதித்துக்கொள்ளும் அளவுக்கு விதிகள் குறைவாக இருப்பது கல்லூரியில் கட்டாயம்.

முதல் மூன்று வாரம்: சொல்லாதீர்கள், பாருங்கள்

பெரும்பாலோர் முதல் நாளே பலகையில் வட்டங்களை வரைந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தொலைக்காட்சியில் பார்த்த பார்சிலோனாவை மனத்தில் வைத்துக்கொண்டு 4-3-3 வரைந்தேன். அந்த ஆண்டு என்னிடம் இருந்த இரு விங்கர்களும் (ஓர முன்கள வீரர்களும்) பந்து கிடைத்தவுடன் நடுவே ஓடிவரும் பழக்கம் உள்ளவர்கள். கோட்டோரம் நிற்கச் சொல்லிச் சொல்லி ஐந்து மாதம் கத்தினேன். அவர்கள் நின்றார்கள், ஆனால் ஆட்டம் அவர்களிடமிருந்து போய்விட்டது. ஜூலைக்குப் பிறகு இருவரையும் உள்ளே வரவிட்டு, வெளிப்பக்க ஓட்டத்தை ஃபுல்பேக்குகளிடம் (ஓரத் தற்காப்பாளர்களிடம்) கொடுத்த பிறகே கோல்கள் வந்தன.

எனவே முதல் மூன்று வாரங்களில் பயிற்சியின் பெரும்பகுதியை ஏழுக்கு ஏழு ஆட்டமாக விட்டுவிட்டு, நீங்களும் உதவியாளர் ஒருவரும் கோட்டுக்கு வெளியே குறிப்பேட்டோடு நில்லுங்கள். ஒவ்வொரு வீரரைப் பற்றியும் எழுத வேண்டியவை சிலவே. பந்தைப் பறித்தவுடன் முதல் தொடுதல் முன்னே போகிறதா, பக்கத்தில் போகிறதா? நெருக்கடியில் கண் யாரைத் தேடுகிறது? தன்னிடம் பந்து இல்லாதபோது அவர் ஓடுகிறாரா, பார்த்துக்கொண்டு நிற்கிறாரா? இவற்றுள் இரண்டாவது கேள்விதான் பொன். எல்லோரும் தேடும் ஒருவர் அணியில் இருப்பார். அவர் பெரும்பாலும் அணித்தலைவராகவோ அதிவேக வீரராகவோ இருப்பதில்லை, பந்தை இழக்காத அமைதியான ஒருவராக இருப்பார். அவர் நிற்கும் இடமே உங்கள் முறையின் அச்சு.

ஷிபோபோ பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதிராளியின் கால்களுக்கிடையே பந்தைத் தட்டிவிட்டுக் கடந்துபோகும் அந்த வித்தை இந்நாட்டுத் தெருக்களில் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியவுடன் கற்பது; அதைத் தடை செய்யும் பயிற்சியாளரை மாணவர்கள் மதிப்பதில்லை, மதிக்க வேண்டியதும் இல்லை. இடத்தை மட்டும் வரையறுத்துவிடுங்கள்: எதிரணிப் பகுதியின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், கோட்டோரத்தில், பின்னால் ஒரு துணை நிற்கும்போது தாராளமாகச் செய்யலாம்.

மைதானத்தைக் கேளுங்கள்

நம் ஊர் மைதானங்களில் பரவலாக உள்ள கிக்குயூ புல் தடித்துப் படர்வது. வெட்டாமல் விட்டால் தரையோடு போகும் பந்தைப் பிடித்து நிறுத்திவிடும். தொலைக்காட்சியில் இருபது மீட்டர் ஓடும் பாஸ் இங்கே பதினைந்தாவது மீட்டரில் மூச்சுவிடும், எதிராளி அதை எடுத்துக்கொள்வார். இதன் பொருள் குறும் பாஸ் ஆட்டம் நமக்கு ஆகாது என்பதில்லை. பாஸின் தூரம் எட்டு முதல் பன்னிரண்டு மீட்டராகச் சுருங்க வேண்டும், உதை ஓங்கி இருக்க வேண்டும், வாங்குபவர் நின்று காத்திராமல் பந்தை நோக்கி ஓடிவர வேண்டும் என்பதே பொருள்.

கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் ஒரே மைதானம் என்றால் தொல்லை இன்னொரு வடிவில் வரும். நடுவில் இறுகிய களிமண் ஆடுகளம் இருக்கும். அதன்மேல் விழும் பந்து எதிர்பாராத உயரத்துக்கு எழும். அத்தகைய மைதானத்தில் நடுவழியே கட்டும் ஆட்டம் சூதாட்டம். ஓரங்களை நம்புவதே அறிவு. டர்பனின் கோடைப் பிற்பகல்களில் அடிக்கடி வீசும் வடகிழக்குக் காற்று, பந்தை உயரத் தூக்கி அடிக்கும் அணிக்கு ஒரு பாதியில் நண்பன், மறு பாதியில் பகைவன். பாதி ஆட்டத்துக்கு மட்டும் பயன்படும் முறையை முதன்மை முறையாக வைத்துக்கொள்ளக் கூடாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் புழுக்கத்தில் தொண்ணூறு நிமிடமும் எதிராளியைத் துரத்தும் ஆட்டமும் நடவாது. துரத்த வேண்டிய இடத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு மற்ற நேரம் மூச்சு வாங்கக் கற்றுக்கொடுங்கள்.

ஒரு முதன்மை வழி, ஒரு மாற்று வழி

பார்த்ததையும் மைதானத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு முதன்மை வழியைத் தேர்ந்தெடுங்கள். எப்படி என்பதை ஓர் அணியை வைத்துக் காட்டுகிறேன். இடப்பக்கத்தில் வேகமான ஒரு விங்கர். நடுவில் பந்தை இழக்காத ஒருவர். முன்னே உயரம் குறைந்த, ஆனால் ஓடத் தயங்காத ஒரு ஸ்டிரைக்கர். உயரப் பந்துக்கு ஆளில்லை. இந்த அணி எதிரணியை வலப்பக்கம் இழுத்து, இடப்பக்கம் திருப்பி, பின்னிருந்து பெட்டிக்குள் ஓடிவருபவருக்குத் தரையோடு பந்தைத் தர வேண்டும்.

இதைக் கோல் கிக்கிலிருந்தே தொடங்கலாம். 2019 இல் மாறிய விதியின்படி கோல் கிக் எடுக்கும்போது பந்து பெட்டியைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் இரு ஸ்டாப்பர்களும் (நடுத் தற்காப்பாளர்களும்) பெட்டிக்குள்ளேயே நின்று வாங்கலாம், பந்து ஆட்டத்துக்கு வரும்வரை எதிரணியினர் வெளியேதான் நிற்க வேண்டும். எதிரணி இரண்டு பேரை அனுப்பினால் இப்படித் தொடங்குங்கள். மூன்று பேர் வந்தால் வலப்பக்கம் நீண்ட உதை, கீழே விழும் இரண்டாம் பந்துக்கு மூன்று பேர். இதுவே மாற்று வழி, இதற்கு மேல் மற்றொன்று வேண்டாம்.

வலப்பக்கம் நான்கைந்து பாஸ்களில் எதிரணி திரண்டதும் பந்து நடுவில் உள்ளவருக்குப் போகிறது. அவர் இரண்டு தொடுதலுக்குள் இடப்பக்கம் திருப்புகிறார். விங்கர் எதிரணி ஃபுல்பேக்கை நேருக்கு நேர் பார்க்கும் கணமே மற்றவர்களுக்கு அடையாளம்: ஸ்டிரைக்கர் அருகிலுள்ள கம்பத்துக்கு ஓடித் தற்காப்பாளர்களைத் தன்னோடு இழுத்துச் செல்கிறார், வல விங்கர் தூரக் கம்பத்துக்கு ஓடுகிறார், நடுக்கள வீரர் ஒருவர் பெனால்டி புள்ளிக்குச் சற்றுப் பின்னே வந்து சேர்கிறார். பந்து பெரும்பாலும் மூன்றாமவருக்கே போக வேண்டும், ஏனெனில் தற்காப்பாளர்கள் தம் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் திரும்பும் பந்தை நிறுத்துவது அவர்களுக்கு மிகக் கடினம். பந்து பறிபோனால் அருகிலுள்ள மூவர் ஐந்து நொடி துரத்துகிறார்கள். கிடைக்கவில்லை என்றால் எல்லோரும் பின்வாங்குகிறார்கள்.

நாமே பந்தைப் பறித்த கணத்துக்கு விதி ஒன்றே: முதல் பாஸ் முன்னோக்கி. இதை விளக்க நான் காட்டும் காட்சி, 2010 உலகக் கோப்பையில் ஜூன் 11 அன்று சாக்கர் சிட்டி மைதானத்தில் மெக்சிகோவுக்கு எதிராக நம் நாட்டு வீரர் சிபிவே ட்ஷபலாலா போட்ட அந்தக் கோல். உதையின் அழகை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்; மாணவர்களிடம் அதற்கு முந்தைய நொடிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிரணி திரும்பி வருவதற்குள் பந்து முன்னே போய்விட்டது, சக வீரர் டிக்காக்கோய் பாஸ் கொடுத்தபோது ட்ஷபலாலா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.

களத்தில் கூவும் சொற்கள் ஓரசைச் சொற்களாக இருக்கட்டும். நம் அணிகளில் ஆங்கிலமும் சூலுவும் பேசுபவர்களே மிகுதி, ஆகவே எல்லோருக்கும் புரிவதையே வையுங்கள். ஒரு பருவத்தில் எதிரணிக்குப் புரியாது என்று எண்ணிக் கார்னர் கிக்குகளுக்குத் தமிழ் எண்களை வைத்தோம். டர்பனில் அது எவ்வளவு பேதைமை என்பது, எதிரணி ஸ்டாப்பரின் வீட்டிலும் தமிழ் பேசும் ஓர் ஆயா (பாட்டி) இருக்கிறார் என்று முதல் ஆட்டத்திலேயே தெரிந்தது.

பயிற்சி மாலைகள்

இரண்டு மாலைகளில் ஒன்றை முழுவதும் இந்த முதன்மை வழிக்கே கொடுங்கள். கூம்புகளைச் சுற்றி ஓடிப் பழகுவதால் முறை வராது. எதிர்த்து நிற்க ஆள் வேண்டும். பாதி மைதானத்தில் எட்டுப் பேர் தாக்க, ஆறு பேரும் கோல்கீப்பரும் தடுக்க, இருபது நிமிடம் இடைவிடாமல் ஆடவிடுங்கள். தடுப்பவர்களிடம் நாம் எவ்வழியே வரப்போகிறோம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தெரிந்தும் தடுக்க முடியாத அளவுக்கு ஓட்டங்களின் நேரம் சரியாக அமையும்போதுதான் அது சனிக்கிழமைக்குத் தயாராகிறது. த்ரோ-இன்னுக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நேரே த்ரோ-இன்னிலிருந்து வாங்குபவருக்கு ஆஃப்சைட் (எதிரணித் தற்காப்பைத் தாண்டி நின்று பந்து வாங்கும் குற்றம்) கிடையாது என்பதை அறிந்தும் பயன்படுத்தாத அணிகளே அதிகம்.

காவடிக்கு விரதம் இருக்கும் மாணவர்களும், புரட்டாசி முழுவதும் விரதம் காப்பவர்களும் நம் அணிகளில் உண்டு. அந்நாட்களில் அவர்களைக் கடும் ஓட்டத்திலிருந்து விலக்கி, நிலைப்பந்துப் பயிற்சியில் (கார்னர் கிக், ஃப்ரீ கிக் போன்றவற்றில்) வையுங்கள். விரதத்தைப் பற்றிக் கேலி பேச எவரையும் விடாதீர்கள்.

எண்ணுவது எதை?

ஸ்கோர் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் மூன்று எண்களைக் குறியுங்கள்: முதன்மை வழியில் எத்தனை முறை முயன்றோம், அவற்றில் எத்தனை முறை பந்தோடு பெட்டிக்குள் நுழைந்தோம், பெட்டிக்குள்ளிருந்து எத்தனை உதை. மாற்று வீரர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் காயமுற்ற வீரரிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தால் போதும். அவரும் ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கக் கற்பார்.

எண்களை வாசிப்பதில் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் சார்ல்ஸ் ரீப் என்பவர் 1950 முதல் ஆட்டங்களைக் குறித்துவைத்து, மிகப் பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸ்களுக்கு மேற்படாத நகர்வுகளில் வருகின்றன என்று கண்டார்; அதைப் பிடித்துக்கொண்டு நீண்ட உதையே சிறந்தது என்று ஒரு தலைமுறையே நம்பியது. ஆனால் கால்பந்தில் பெரும்பாலான நகர்வுகள் எப்படியும் மூன்று பாஸ்களுக்குள் முறிந்துவிடுபவை. அவற்றிலிருந்து அதிகக் கோல் வருவதில் வியப்பில்லை. 2005 இல் ஹியூஸ், ஃபிராங்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது, வெற்றிபெறும் அணிகளுக்கு நீண்ட நகர்வுகளே முயற்சிக்கு ஈடாக அதிகக் கோல் தருவது தெரிந்தது. ஆகவே உங்கள் தாளிலும் நுழைவுகளை முயற்சிகளால் வகுத்தே பாருங்கள்.

நான்கு ஆட்டங்களுக்குள் முறையை மாற்றாதீர்கள். நான்கிலும் தோற்றாலும் நுழைவு விகிதம் குறையவில்லை என்றால் குறை கடைசி உதையில் இருக்கிறது, பயிற்சியை அங்கே கொண்டுபோங்கள். வெவ்வேறு விதமாக ஆடும் நான்கு அணிகளுக்கு எதிராகவும் விகிதம் விழுந்துகொண்டே போனால் மட்டும் வழியை மாற்றுங்கள். மூன்றாம் தோல்விக்குப் பிறகு விளையாட்டு அலுவலரும் பழைய மாணவர்களும் வந்து ஆலோசனை சொல்வார்கள். தேநீர் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், தாளை மட்டும் மாற்றாதீர்கள்.

சாட்ஸ்வர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ் 1996–97 இல், கோர்டன் இகெசுண்டின் பயிற்சியில், நம் நாட்டின் முதன்மை லீகான பிரீமியர் சாக்கர் லீகின் முதல் பட்டத்தையே வென்றது. பெரும் அணிகளான ஆர்லாண்டோ பைரேட்ஸ், கைசர் சீஃப்ஸ் இரண்டும் அந்த லீகில் இருந்த ஆண்டு அது. பெரிய அணிகளிடம் தோற்றதும் துவண்டுபோகும் மாணவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வதுண்டு.

அடுத்த ஆண்டுக்கு

அக்டோபரில், தேர்வுகள் தொடங்குமுன், ஒவ்வொரு இடத்துக்கும் அடுத்த ஆண்டு நிற்கப்போகும் இளையவரை மூத்தவரோடு இணைத்துவிடுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுப்பதைவிட மூன்றாம் ஆண்டு மாணவர் முதலாம் ஆண்டு மாணவருக்குச் சொல்வது ஆழமாகப் பதியும். சொல்லும்போது தடுமாறுகிறார் என்றால் அவருக்கே சரியாகப் புரியவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். எல்லோரும் தேடும் அந்த அமைதியான வீரர் பட்டம் பெறப்போகிறார் என்றால், அவருக்கு மாற்று ஒருவரை ஜூலையிலேயே தேடத் தொடங்குங்கள், ஏனெனில் அந்த இடம் மட்டும் மூன்று மாதத்தில் நிரம்புவதில்லை. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி, மூன்று எண்களின் பருவக் கணக்கையும் அதே தாளின் பின்புறம் குறித்து, பிப்ரவரியில் முதல் பயிற்சிக்கு வருபவர்கள் கையில் கொடுங்கள். கொடுத்த பிறகு மீண்டும் மூன்று வாரம் பேசாமல் நின்று பாருங்கள்.