கிளாஸுக்குள் கெட்டர், செட்டர்: இரண்டு பக்கமும் வழுக்கும் இடங்கள்

ஒரு வேரியபிளின் மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட் கெட்டர், மாற்றும் மெத்தட் செட்டர். அதே கிளாஸுக்குள் எழுதும்போதும் இவற்றின் வழியாகப் போக வேண்டுமா, வேரியபிளை நேரே தொடலாமா என்பதுதான் கேள்வி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு ஜாவாவில் பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். 'கொலுசு' கிளாஸில் எடையை மாற்றும் செட்டரே விலையையும் மறுபடி கணக்கிடும். அப்புறம் 'சலங்கை சேர்' என்றொரு மெத்தட் எழுதும்போது, உள்ளேதானே இருக்கிறோம் என்று எடை வேரியபிளிலேயே நேராகக் கூட்டிவிட்டேன். 80 கிராம் கொலுசில் 6 கிராம் சலங்கை ஏறியது. விலை மட்டும் 80 கிராமுக்கே நின்றது. பட்டறைக்காரர் பில்லையும் தராசையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது!

வேரியபிளுக்கு முன் போடும் பிரைவேட் என்பது கிளாஸுக்கு வெளியாருக்குப் போட்ட பூட்டு. வீட்டு ஆளின் கைத்தவறை அது தடுக்காது. செட்டர் சரிபார்ப்போ மறுகணக்கோ செய்தால், உள்ளேயிருந்தும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். முதல்முறை கேட்கும்போதுதான் விவரத்தை ஏற்றும் கெட்டரும் அப்படியே. அதைத் தாண்டி நேரே தொட்டால் நல் (null), அதாவது வெற்று மதிப்புதான் கிடைக்கும்.

சூடு பட்டதும் எல்லா இடத்திலும் செட்டரைப் போட்டேன். அதுவும் தப்பு. பைத்தானில் பிராப்பர்ட்டியின் (வேரியபிள் போலத் தொட்டாலும் உள்ளே கெட்டர், செட்டர் ஓடும் ஏற்பாடு) செட்டருக்குள் அதே பெயருக்கு மதிப்பு வைத்தால், அது தன்னையே அழைத்துக்கொண்டு போய் ரிகர்ஷன் எரரில் விழும். அங்கே அண்டர்ஸ்கோர் போட்ட உள்பெயர்தான் வேண்டும்.

ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் இன்னும் மோசம். ஜாவாவில் தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் செட்டரை அழைக்கிறது. 'கல் கொலுசு' என்ற சப்கிளாஸ் அதே செட்டரை ஓவர்ரைடு செய்து, அதாவது தன் வசதிக்கு மாற்றி எழுதி, தன் கல் பட்டியலைக் கூட்டுகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் பட்டியல் இன்னும் பிறக்கவே இல்லை. நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன். சி++ ஓசையில்லாமல் தாயின் மெத்தடையே ஓட்டிவிடும், சப்கிளாஸின் மெத்தடை ஓட்டச் சொல்லும் வர்ச்சுவல் என்ற சொல்லைப் போட்டிருந்தாலும். ஆகவே கன்ஸ்ட்ரக்டரில் வேரியபிளுக்கு நேரடியாகவே மதிப்பு வையுங்கள். சரிபார்ப்பு வேண்டுமென்றால் ஒரு பிரைவேட் மெத்தடில் எழுதி, செட்டரும் கன்ஸ்ட்ரக்டரும் அதை அழைக்கட்டும்.

வேகத்துக்காக கெட்டரைத் தவிர்க்கிறேன் என்பார்கள். ஜாவாவில் சின்ன கெட்டரை ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் எஞ்சின்) பெரும்பாலும் இன்லைன் செய்துவிடும், அதாவது தனி அழைப்பே இல்லாமல் ஆக்கிவிடும். பைத்தானில் செலவு உண்டு, அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம். வெறுமனே மதிப்பைத் திருப்பும் கெட்டர் என்றால் எப்படி எழுதினாலும் சரி. நான் நேராகத்தான் தொடுவேன்.

ஒரே விதிவிலக்கு, ஹைபர்னேட்டில் (ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி) ஈக்வல்ஸ், அதாவது இரண்டு ஆப்ஜெக்டும் சமமா என்று பார்க்கும் மெத்தட், எழுதும்போது. ஒப்பிட எதிரே வரும் ஆப்ஜெக்ட் லேஸி பிராக்ஸியாக (கேட்கும்போதுதான் விவரத்தை ஏற்றும் பதிலி) இருந்தால் அதன் வேரியபிள்கள் காலியாக இருக்கும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் கெட்டர்.