வாளையாருக்கு முன்பே இறக்கிவிடுங்கள்

பாலக்காட்டிலிருந்து கோவைக்கு தினமும் ரயிலில்தான் போய் வருகிறேன். வாளையார் காட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் படுத்துவிடும். அதனால் முந்தின ராத்திரியே மெட்டல் பாட்டு (கனத்த கிதார் சத்தம் போடும் ராக் இசை) போனில் இறக்கி வைத்துவிடுவேன். காசும் இல்லை, திருட்டும் இல்லை.

முதலில் பேண்ட்கேம்ப், இசைக் குழுக்களே தங்கள் பாட்டைப் போட்டு விற்கும் தளம். வெறுமனே ‘மெட்டல்’ என்று தேடினால் கடலில் விழுந்த கதைதான். ‘டூம்’, ‘ஸ்லட்ஜ்’ என்று மெட்டலின் உட்பிரிவுப் பெயர்களைப் போட்டுத் தேடலைச் சுருக்குங்கள். ஆல்பத்தின் கீழே ‘நேம் யுவர் ப்ரைஸ்’ (விலையை நீங்களே சொல்லுங்கள்) என்றிருந்தால் அழுத்தி, விலைக் கட்டத்தில் 0 போடுங்கள். சில குழுக்கள் மின்னஞ்சல் கேட்கும். பாட்டை இறக்கும் இணைப்பு அதில் வரும். எம்பி3 போதும். ஒலித்தரம் குறையாத, ஆனால் பெரிய கோப்பான ஃப்ளாக் எடுத்தால் என் பழைய போன் திணறுகிறது. (ஒருநாள் இயர்போன் கழன்று பாட்டு வெளியே கேட்டுவிட்டது. பக்கத்து சீட் சேட்டன், “எந்தா மோனே, நெம்மாறை வெடிக்கெட்டோ?” என்றார், நெம்மாறைத் திருவிழா வாணவேடிக்கையா என்று.)

அப்புறம் மெட்டல் ஆர்க்கைவ்ஸ். மெட்டல் குழுக்களின் விவரங்களைத் தொகுக்கும், 2002-இல் தொடங்கிய தளம். அங்கே பாட்டு கிடைக்காது, ஆனால் துப்பு கிடைக்கும். கண்ணூரின் தி டவுன் ட்ராடன்ஸ் மாதிரி பிடித்த குழு ஒன்றைத் திறந்து, டிரம்மர் பெயரை அழுத்துங்கள். அவர் வேறு எந்தெந்தக் குழுவில் வாசித்தார் என்று காட்டும். அந்தப் பெயர்களை மறுபடி பேண்ட்கேம்பில் போடுங்கள்.

பழைய சரக்கு வேண்டுமா? இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் ‘நெட்லேபிள்ஸ்’ தொகுப்பு இருக்கிறது, இணையத்திலேயே பாட்டு வெளியிடும் சிறு நிறுவனங்களின் சரக்கு. தரம் முன்னே பின்னே இருக்கும்.