எம்ஜிபி கார் சூடேறுகிறதா? ரேடியேட்டர் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் கைவைத்துப் பழக நல்ல வண்டி. 1798 சிசி இன்ஜின், எல்லாம் கைக்கு எட்டும். ஆனால் வெப்பமானி முள் மேலே ஏறியதுமே பலர் புது ரேடியேட்டருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

முதலில், சூடு நிஜம்தானா என்று பாருங்கள். மின்சார வெப்பமானி உள்ள வண்டிகளில் அதுவும் பெட்ரோல் முள்ளும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசரை நம்பி ஓடுகின்றன. இரண்டு முள்ளும் சேர்ந்தே அதிகம் காட்டினால் கோளாறு ஸ்டெபிலைசரிலோ அதன் எர்த்திலோ இருக்கலாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) மூடியின் மேல் காட்டுங்கள். 80-லிருந்து 95 டிகிரி வரை இருந்தால் இன்ஜின் நலமாகத்தான் இருக்கிறது.

நிஜமாகவே சூடு என்றால், எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் அமுங்கலாம், அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்குங்கள். கடைசிச் சில வருட மாடல்களில் மின்சாரத்தில் ஓடும் விசிறி. அது சுற்றுகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் இடுக்கில் சிக்கிய பூச்சி, இலைகளையும் எடுத்துவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் தடை. இன்ஜின் சூடானதும் அதே தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகப்பை அங்கங்கே அளந்து பாருங்கள். நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. கீழ் ஹோஸ் பழசாகித் தளர்ந்திருந்தால், ஆக்சிலரேட்டரை உயர்த்தும்போது உறிஞ்சலில் சப்பையாகும். நேரில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மாற்றிவிடுங்கள்.

அடுத்து தெர்மோஸ்டாட். கழற்றி, பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் ஏறத்தாழ அந்த டிகிரியில் வால்வு திறக்கத் தொடங்க வேண்டும். "கழற்றி எறிஞ்சிட்டு ஓட்டுங்க" என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் கேட்காதீர்கள். சூடே ஏறாத இன்ஜினும் சீக்கிரம் தேயும்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். உங்கள் மாடலுக்குரிய அழுத்தத்தில் புதிதாக வாங்குங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

பலரும் தவறவிடுவது இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும் நேரம். ஸ்பார்க் தாமதமானால் ரேடியேட்டரில் ஒரு குறையும் இல்லாமலே சூடு ஏறும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே தகடு நகர வேண்டும். நகரவில்லை என்றால், உள்ளே தகடு இறுகியிருக்கலாம். காற்று தாராளமாக வந்தால் தகட்டை இழுக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது. கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் இதே கதைதான்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டரோடு இன்ஜின் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) வடிகால் திருகையும் திறந்து பழைய கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, வடியுங்கள். துரு வழியை அடைத்திருக்கும், கம்பியால் குத்திவிடுங்கள். சுத்தத் தண்ணீர் வரும்வரை அலசி, புது கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, முன்பக்கம் மேடாக நிறுத்தி, மூடி போடாமல் இன்ஜினை ஓடவிடுங்கள். மேல் ஹோஸ் சூடாகிக் குமிழி நின்றதும் நிரப்பி மூடுங்கள்.

மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் ஊற்றிக்கொள்ளலாம். கசிவே தெரியாமல் தினமும் குறைந்தாலோ, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.