திருத்துவதற்கு முன் எழுதுங்கள்

இரண்டாம் செமஸ்டரில் ஓர் இரவு முழுக்க பைனரி சர்ச்சோடு மல்லுக்கட்டினேன். வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கிவிட்டுத் தேடும் முறை அது. பதினைந்து வரிகூட வராத நிரல், ஓட்டினால் நிற்கவே இல்லை. ஓரிடத்தில் ஒன்றைக் கூட்டினேன், இன்னோரிடத்தில் கழித்தேன். விடியும் நேரத்தில் விடை சரியாக வந்தது. ஏன் வந்தது என்று தெரியாமலே அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். அடுத்த மாதம் வேறொரு அசைன்மென்ட்டில் அதே பிழை, அதே மாதிரி ஓர் இரவு. அழுகை வந்துவிட்டது. மறுநாள் ஒரு நோட்டு எடுத்தேன்.

அதில் மூன்று விஷயங்கள்தான் எழுதுகிறேன். என்ன நடக்கும் என்று நம்பினேன், என்ன நடந்தது, நம்பிக்கை எங்கே பிசகியது. முதல் இரண்டையும் நிரலில் கை வைக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். சரிசெய்த பிறகு எழுத உட்கார்ந்தால், "இது எனக்கு முன்பே தெரியும், கவனக்குறைவு" என்று மனசு கதையை மாற்றிவிடும். "கவனக்குறைவு" என்ற சொல்லை என் நோட்டில் எழுதுவதே இல்லை. அது அடுத்த முறைக்கு எதையும் சொல்லித் தராது.

அந்த பைனரி சர்ச்சையே எடுத்துக்கொள்வோம். தாளில் இரண்டே உறுப்புகளை வைத்து ஓட்டிப் பார்த்தேன். கீழ் எல்லை 3, மேல் எல்லை 4. கூட்டி இரண்டால் வகுத்தால், முழு எண் வகுத்தலில் நடு 3. தேடும் எண் அதைவிடப் பெரியது, அதனால் கீழ் எல்லையை நடுவுக்கு நகர்த்துகிறேன். மறுபடியும் 3! எல்லை நகரவே இல்லை. நடுவோடு ஒன்றைக் கூட்டி வைத்திருக்க வேண்டும். நோட்டில் எழுதியது இது: "ஒவ்வொரு சுற்றிலும் எல்லை சுருங்கும் என்று நம்பினேன். இரண்டு உறுப்புகள் மிஞ்சும்போது சுருங்கவில்லை." அன்றிலிருந்து எந்த லூப் எழுதினாலும், ஒரு சுற்றுக்கு எது குறைகிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

பிழை பிடிபடாவிட்டால் உள்ளீட்டைச் சுருக்குங்கள். ஆயிரம் உறுப்புகளில் தெரியாதது இரண்டில் தெரிந்துவிடும். பிழைச் செய்தியையும் முழுதாகப் படியுங்கள். சி மொழியில் முதல் பிழையிலிருந்து தொடங்குங்கள், ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதே கீழே பல பிழைகளாக விரியலாம். பைத்தானில் பிழையின் பெயர் கடைசி வரியில் இருக்கும். அங்கிருந்து மேலே போய், நீங்கள் எழுதிய வரி எது என்று தேடுங்கள். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றும் முன் கிட்டில் (நிரலின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கருவி) ஒரு கமிட், அதாவது அப்போதைய நிலையின் ஒரு பதிவு.

எரிச்சல் வரும்போது எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஏன் என்று சொல்ல முடியாமல் மூன்று மாற்றங்கள் செய்துவிட்டால், எழுந்துவிடுவேன். அதற்குமேல் உட்கார்ந்தால் யோசனை ஓடாது, விரல்தான் ஓடும். திரும்பி வந்து யாரிடமாவது கேட்பதாக இருந்தால், சிக்கலைக் காட்டும் மிகச் சிறிய நிரலைத் தயார் செய்வேன். பல முறை அதைத் தயார் செய்யும்போதே பிழை கண்ணில் பட்டிருக்கிறது.

"நமக்கு இது வராதோ" என்று தோன்றும் நாட்களில் நான் நினைத்துக்கொள்ளும் ஒரு நிகழ்வு உண்டு. ஜாவா மொழியோடு வரும் பைனரி சர்ச்சிலேயே ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழை இருந்தது. வரிசையில் நூறு கோடிக்கும் மேல் உறுப்புகள் இருந்தால், இரண்டு எல்லைகளின் கூட்டுத்தொகை, அந்த வகை முழு எண்ணில் அடங்கும் மிகப்பெரிய எண்ணான 2147483647-ஐத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் இதை வெளிப்படையாக விளக்கினார். கணினி அறிஞர் டொனால்டு குனூத், தான் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் தான் செய்த பிழைகளைப் பதிவு செய்து, வகை பிரித்து வெளியிட்டார். எண்ணூறுக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் உண்டு. என் நோட்டுக்கு அதைப் படித்தபோது பெரிய தைரியம் கிடைத்தது.

வாரம் ஒரு முறை நோட்டைப் புரட்டுங்கள். ஒரே மாதிரிப் பிழை மூன்று இடத்தில் தென்பட்டால், அதற்கென்று ஒரு டெஸ்ட், அதாவது நிரலைச் சோதிக்கும் சின்ன நிரல், எழுதி வையுங்கள். என்னுடையதில் அடிக்கடி வந்தவை காலிப் பட்டியல், ஒற்றை உறுப்பு, கடைசி உறுப்பு. இப்போது எந்த ஃபங்ஷன் எழுதத் தொடங்கினாலும், இந்த மூன்றுக்கும் முதலில் டெஸ்ட் எழுதிவிடுகிறேன்.