வாசல் தோட்டத்துக்கு ஃபெங் சுயி: ஒரு தெரஸ் வீட்டுக் கணக்கு

எங்கள் வீடு பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம், வரிசை வீடுகளில் நடுவில் ஒன்று. வாசல் வடக்குப் பார்த்தது. கார் நிறுத்தியதுபோக மிஞ்சுவது கொஞ்சம் மண், அவ்வளவுதான். இதில் ஃபெங் சுயி, அதாவது திசை பார்த்து வீட்டையும் தோட்டத்தையும் அமைக்கும் சீன முறைப்படி, தோட்டம் போட முடியுமா? தாராளமாக முடியும். மூன்றுகால் தவளைப் பொம்மை எல்லாம் வேண்டாம். ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். காற்று முட்டாமல் மெல்ல உலாவ வேண்டும், நீர் தெளிவாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதல் வேலை, திசை பார்ப்பது. கைபேசியில் இருக்கும் திசைகாட்டி போதும், ஆனால் காரையும் இரும்பு கேட்டையும் விட்டு விலகி நில்லுங்கள். நான் கார் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரும்பு ஊசியை இழுத்துவிட்டது, அது காட்டிய ‘வடக்கில்’ பெரிய மண்தொட்டியை வைத்து நீரும் நிரப்பிவிட்டேன். நடுரோட்டில் நின்று மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, அது வடமேற்கு மூலை. வாளி வாளியாக நீரை இறைத்துத் தொட்டியை நகர்த்தியதில் இடுப்பு போய்விட்டது. மூன்று இடத்தில் நின்று பாருங்கள், மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம்.

அடுத்தது, அடைசலை எடுப்பது. உடைந்த தொட்டி, ஓடாத சைக்கிள், வாசல் சாக்கடையில் தேங்கிய இலை எல்லாம் போகட்டும்.

அப்புறம் வழி. கேட்டிலிருந்து கதவுக்கு நேர்கோடாக வழி இருந்தால், ‘சீ’ எனும் உயிர்விசை அம்புபோல் பாயும் என்பார்கள். சிமெண்டை உடைக்கத் தேவையில்லை. இடப்பக்கம் ஒன்று, இரண்டடி தள்ளி வலப்பக்கம் ஒன்று என்று செடித்தொட்டிகளை மாற்றி மாற்றி வைத்தால் நடக்கும் கால் தானாக வளையும். கதவருகே கள்ளிச்செடி, முள்ளுள்ள காகிதப்பூ வேண்டாம். சேலை மாட்டிக் கிழிகிறது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முதுகுக்கு மலை, முகத்துக்குத் திறந்தவெளி. மலைச்சரிவில் நிற்கும் கெக் லோக் சி கோயிலைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். வரிசை வீட்டில் மலைக்கு எங்கே போக? பின்கட்டில் உயரமாக எதையாவது வளர்த்தால் சரி. வாசற்படியில் வெளியே பார்த்து நின்றால் இடக்கைப் பக்கத்துக்குப் பச்சை டிராகன் என்றும், வலக்கைப் பக்கத்துக்கு வெள்ளைப் புலி என்றும் ஃபெங் சுயியில் பெயர். டிராகன் பக்கம் சற்று உயர்ந்திருக்க வேண்டும். திசை ஒவ்வொன்றுக்கும் நீர், மரம், நெருப்பு, மண், உலோகம் என்ற ஐந்தில் ஒன்று உண்டு. எனக்கு இடப்பக்கம் மேற்கு, உலோகத்தின் திசை, வெள்ளை நிறம். ஆளுயர நந்தியாவட்டை வைத்தேன். மரத்தின் திசையான கிழக்கில் கறிவேப்பிலை. ரசத்துக்கும் சட்டினிக்கும் தினம் கிள்ளுவதால் அது உயர்வதே இல்லை, புலி அடங்கியே இருக்கிறது! தெற்கு நெருப்பு, அங்கே சிவப்புச் செம்பருத்தி. வடகிழக்கும் தென்மேற்கும் மண், அங்கே மண்சட்டி, கூழாங்கல்.

ஒன்று கவனியுங்கள். தெற்கு என்றால் வெயில் என்பது சீனாவின் பெரும்பகுதிக்குப் பொருந்தும் கணக்கு. பினாங்கில் ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை உச்சிவெயில் வடக்கிலிருந்து சாய்கிறது. நாள்முழுக்க வெயில் கேட்கும் செடியைத் திசை பார்த்து மட்டும் வைக்காதீர்கள்.

கடைசியில் நீர். இங்கேதான் நம் வீடுகளில் சண்டை வரும். தென்கிழக்கும் மரத்தின் திசைதான், அங்கே நீர் வைத்தால் மரத்தை வளர்த்துச் செல்வம் தரும் என்கிறது ஃபெங் சுயி. “அக்னி மூலையில தண்ணியா?” என்று அம்மா விடமாட்டார். வாஸ்து ஈசானியத்தில் நீரை வைக்கச் சொல்கிறது, ஃபெங் சுயிக்கு அது மண்ணின் மூலை. இரண்டும் ஒத்துப்போகும் ஒரே இடம் வடக்கு: ஒன்றில் நீரின் திசை, மற்றதில் குபேர திசை. அதனால்தான் தொட்டி கேட்டோரம் வடக்கில். ஈசானியத்தில் அம்மாவின் துளசி, மண்சட்டியில், இரண்டு தரப்புக்கும் ஆட்சேபமில்லை.

தொட்டியில் ஓர் அல்லிக்கிழங்கு, ஏழெட்டுக் கப்பி மீன்கள். கொசுப்புழுவை அவை தின்றுவிடும். டிசம்பரில் வீட்டு நிழல் விழுந்து அல்லி சுணங்கும், பயப்பட வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால், சட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேயுங்கள். எங்கள் வீட்டில் முதலில் புழு நெளிந்தது தொட்டியில் இல்லை, துளசித் தட்டில்.